மருந்துப் பையும் அப்பாவின் வலிக்காத காலும்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள், அதாவது நீங்கள் அணில் என்று கூப்பிடுகிறவள், வணக்கத்துடன் எழுதுவது. கடிதம் என்றால் இங்கு அனைவரும் நலம், தங்கள் நலம் அறிய ஆவல் என்று தொடங்க வேண்டும் எனப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். நான் பள்ளிக்கூடத்தை விட்டாலும் அந்த வரி என்னை விடவில்லை. எழுதினேன், அடித்தேன். மறுபடியும் எழுதினேன், மறுபடியும் அடித்தேன். தங்கள் நலம் அறிய ஆவல் என்பது முழு உண்மை. முன்பாதியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். கீழே உள்ளதைப் படித்துவிட்டு நீங்களே பொருத்தமாக நிரப்பிக்கொள்ளுங்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் செய்ததும் அப்பா அதை ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டுத் தட்டுபோல நடுவில் வைத்துவிடுகிறார். எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொள்கிறோம். "மருந்தெல்லாம் எப்படி, கேக்குதா?" என்று நீங்கள் விசாரிக்கிறீர்கள். "அமிர்தம்டா தம்பி" என்கிறார் அப்பா. "உங்க புண்ணியத்துல ஆஸ்பத்திரி வாசப்படியே மிதிக்கல தம்பி" என்கிறாள் அம்மா. அண்ணன் மட்டும் எழுந்து குழாயடிக்குப் போய்விடுகிறான்; அதற்கு ஒரு காரணம் உண்டு, பின்னால் வரும். கடைசியில் "எங்க அணிலு? அவ வாயில என்ன பூட்டா?" என்று கேட்கிறீர்கள். நான் "நல்லா இருக்கேன் சித்தப்பா" என்கிறேன். அந்த ஒரு வாக்கியத்துக்கே என் காது இரண்டும் சுட்டுவிடும். வகுப்பில்கூட விடை தெரிந்தால் நான் இன்னும் குனிந்துகொள்வேன். தெரியாதவர்கள் எல்லாம் கையைத் தூக்குவார்கள். எழுதுவது அப்படியில்லை. பேனா என் முகத்தைப் பார்ப்பதில்லை. உங்கள் அறைத்தோழர் லீவு முடிந்து திரும்புகிறாராம். அந்த மருந்துப் பையைச் சுமந்து வந்தவரே இந்தக் கடிதத்தையும் சுமந்து வரட்டும் என்று எழுதுகிறேன்.

பை வந்த அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அதுதான் பிரச்சினையே. கூடத்தில் பாயை விரித்து அம்மா பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ட்யூப், டப்பி, ஸ்பிரே, உருட்டித் தேய்க்கும் குச்சி என்று ஒரு குவியல். விமானத்தில் எடை கூடிவிடும் என்று அட்டைப் பெட்டிகளையும் உள்ளே இருந்த தாள்களையும் நீங்களே கழற்றிப் போட்டுவிட்டீர்களாம். உங்கள் அறைத்தோழர் பெருமையாகச் சொன்னார். மிச்சம் இருந்தது ட்யூப்மேல் இருந்த எழுத்து மட்டும். அது எங்களுக்குத் தெரிந்த எந்த எழுத்தாகவும் இல்லை. அண்ணன் ஒரு ட்யூபை நேராகப் பிடித்துப் பார்த்தான், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான், இரண்டிலும் அவனுக்கு ஒரே அளவுதான் புரிந்தது. "தம்பி கண்டதை அனுப்ப மாட்டான்" என்று அப்பா சொல்லிவிட்டார். அதற்கு மேல் அதில் பேச்சில்லை. அம்மா மூடியைத் திறந்து முகர்ந்து பிரிக்கத் தொடங்கினாள். புதினா வாசனை வந்தால் வலிக்கு, வாசனையே இல்லாவிட்டால் தோலுக்கு, குமட்டினால் அது பெரிய வியாதிக்கு. அப்பா தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டார்: "போட்டதும் எரியணும். எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்." இப்படியாக ஒரு சாயங்காலத்துக்குள் எங்கள் வீட்டுக்கு ஒரு வைத்தியமுறை வந்துவிட்டது.

முதல் பலி அண்ணன். அவன் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருப்பது உங்களுக்குத் தெரியும். நாளெல்லாம் வீடு வீடாக முகத்தைக் காட்ட வேண்டிய வேலை, முகத்திலோ பரு. வாசனை இல்லாத வெள்ளை ட்யூபை அம்மா அவனுக்கு ஒதுக்கினாள். காலையில் குளித்துவிட்டு முகம் முழுக்க அழுத்திப் பூசிக்கொண்டு கிளம்பினான். வெயில் ஏற ஏற அது இறுகிவிட்டது. ஒரு வீட்டு அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஏம்ப்பா, ஒரு சிரிப்புகூட இல்லாம இப்படி உர்ருன்னு நிக்கிற? நான் என்ன உன் சொத்தையா எழுதி வாங்குறேன்?" என்று கேட்டாராம். இவன் சிரிக்கத்தான் முயன்றிருக்கிறான், முகம் வரவில்லை. வீட்டுக்கு வந்து முகத்தை வெந்நீரில் ஊறவைத்துக்கொண்டிருந்தபோது மாடி வீட்டு மாமா இறங்கி வந்து ட்யூபைப் பார்த்தார். பார்த்ததும் அவர் கண் ஓடிப்போன பிள்ளை திரும்பி வந்ததுபோல மின்னியது. "அடேய், இது பல் செட்டு ஒட்டுற பசைடா! என் பொண்ணு ஒருதடவை அனுப்பிச்சா. எங்க தேடியும் கிடைக்கல." சொல்லிவிட்டுத் தன் பல் செட்டைக் கழற்றி நிரூபித்தும் காட்டினார். ட்யூபும் அவருடனேயே மாடி ஏறிவிட்டது. நீங்கள் அனுப்பிய பையில் சரியான ஆளுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்த மருந்து இதுவரை அது ஒன்றுதான். மாமா இப்போது கரும்பைத் தவிர எதையும் கடிக்கிறார். அண்ணனைப் படியில் பார்க்கும்போதெல்லாம், "என்னடா, முகம் கழண்டு விழாம இருக்கா?" என்று வேறு கேட்கிறார்.

அடுத்தது அம்மா. வெந்நீர்ப் பாத்திரத்தை இறக்கும்போது துணி நழுவி அம்மாவின் மணிக்கட்டில் கொதிநீர் பட்டுவிட்டது. அப்பா பாய்ந்து போய்ப் பையிலிருந்து நீல நிற ஸ்பிரேயை எடுத்து அடித்தார். அது என்ன மருந்து என்று எனக்குத் தெரியாது, ஆனால் அம்மா போட்ட கூச்சலில் தெருவில் போன சைக்கிள் நின்றது. "எரியுதா?" என்று அப்பா கேட்டார். "எரியுதே!" என்று அம்மா அலறினாள். "அப்ப வேலை செய்யுது" என்றார் அப்பா. அண்ணன் பற்பசையுடன் ஓடி வந்தான். சித்தப்பா, சூடு பட்டால் குழாயைத் திறந்து தண்ணீரில் நெடுநேரம் காட்ட வேண்டும், வேறு எதையும் தடவக் கூடாது என்று எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் ஒரு படம் இருந்தது. என் பெஞ்சுக்கு நேர் எதிரே. ஆசிரியர் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு நான் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. சரி என்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் நிறுத்தினேன். "என்னடி, நான் வலியில துடிக்கிறேன், நீ என்னைப் பாத்திரம் கழுவக் கூப்பிடுறியா?" என்று அம்மா திட்டினாள். திட்டிக்கொண்டே இருந்தவள் கொஞ்சம் கொஞ்சமாகத் திட்டுவதை நிறுத்தினாள். கையை எடுக்கப் பார்த்தபோது நான் விடவில்லை. கொப்புளம் பெரிதாக வரவில்லை. எல்லாம் முடிந்ததும், "பாத்தியா, தம்பி ஸ்பிரே எப்படிக் கேட்டுச்சு!" என்றார் அப்பா.

இதற்குப் பிறகாவது பை பரணுக்குப் போயிருக்க வேண்டும். போயிருக்கும், அம்மா ட்யூபின் வால்பக்கம் அழுத்தியிருந்த எண்ணைப் பார்க்காமல் இருந்திருந்தால். எழுத்து புரியாவிட்டாலும் எண் எல்லோருக்கும் புரியுமே. காலாவதியாக இன்னும் கொஞ்ச நாள்தான். கடல் தாண்டி வந்த மருந்து வீணாய்ப் போவதா? அன்றிலிருந்து வீட்டில் வியாதி தேடும் படலம். செருப்புக்கேற்றபடி காலை வெட்டுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நாங்கள் மருந்துக்கேற்றபடி நோய் பார்த்தோம். "முட்டிய நீட்டு, ஏதாச்சும் வலிக்குதா?" "இல்லம்மா." "நல்லா யோசிச்சுச் சொல்லுடா, புது ட்யூப் இருக்கு." நானும் தப்பவில்லை. நான் வீட்டிலிருந்தபடி சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறேன் அல்லவா, ஊசி குத்திய விரல் நுனிகளில் தினமும் ஒரு பச்சைக் களிம்பு ஏறியது. ஊசி வழுக்கியதால் இன்னும் அதிகமாகக் குத்திக்கொண்டேன். அதனால் இன்னும் அதிகமாகக் களிம்பு ஏறியது.

அண்ணனுக்கு இடுப்பில் பெல்ட் உரசும் இடத்தில் ஒரு அரிப்பு இருந்தது. சின்ன வட்டமாகச் சிவந்திருந்தது. அதற்கு ஒரு மஞ்சள் ட்யூப். போட்ட மறுநாளே அரிப்பு அடங்கிவிட்டது, சிவப்பும் மங்கிவிட்டது. வீடே உங்களை வாழ்த்தியது. பிறகு பார்த்தால் வட்டம் சத்தமில்லாமல் பெரிதாகி, அதன் பக்கத்தில் இன்னொரு வட்டம், அப்புறம் அதே துண்டில் துடைத்துக்கொள்ளும் அம்மாவின் கையில் ஒரு வட்டம். மருந்துக்கடைக்கார அம்மாவிடம் நான்தான் அனுப்பப்பட்டேன். கூட்டம் குறையும் வரை கடைக்கு வெளியே நின்று, அவர் கதவை இழுக்கப் போகும் நேரத்தில் ட்யூபை நீட்டினேன். அவருக்கும் அந்த எழுத்து தெரியவில்லை. எங்கே, எப்படி வந்தது, போட்டதும் என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் என் கையிலேயே விரலால் வட்டம் போட்டுக் காட்டினேன். "படைம்மா அது. இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது, ஆனா நீ சொல்றதப் பாத்தா அரிப்ப அமுக்குற சாமான் எதுவோ இருக்கு. மேல அமுக்கிட்டு உள்ள வளத்துவிட்டிருக்கு. இத நிறுத்து, ஆளுக்கொரு துண்டு வச்சுக்குங்க, தோல் டாக்டர்கிட்ட ஒருதடவ காட்டச் சொல்லு" என்றார். அண்ணன் காட்டினான், இப்போது வட்டம் சுருங்கிக்கொண்டு வருகிறது. எங்கள் வீட்டுக் கொடியில் நான்கு நிறத்தில் நான்கு துண்டு தொங்குகிறது. அம்மா அதைப் பார்த்து, "சொத்து பிரிச்ச வீடு மாதிரி இருக்கு" என்று பெருமூச்சு விடுகிறாள்.

ஆனால் மேலே அமுக்கிவிட்டு உள்ளே வளர்த்துவிட்டிருக்கிறது என்று அவர் சொன்னது என்னை விடவே இல்லை. பொத்தான் தைக்கும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்று அமைதியாக இருந்தால் அது சரியாக இருக்கிறது என்று எல்லோரும் நினைத்துவிடுகிறார்கள். இது எனக்குத் தெரிந்த விஷயம் சித்தப்பா. அமைதியாக இருப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

இனிமேல் எழுதப்போவதுதான் கடிதம். இதுவரை எழுதியது அதற்குத் தைரியம் வருவதற்காக எழுதியது.

நான் தரையில் உட்கார்ந்து தைப்பவள். எனக்கு வீட்டில் இருப்பவர்களின் முகத்தைவிடக் கால்தான் அதிகம் தெரியும். அம்மா கோபமாக வந்தால் குதிகால் முதலில் விழும், அண்ணனுக்கு நல்ல செய்தி இருந்தால் முன்னங்காலில் வருவான். அப்பாவின் கால் வேறு மாதிரி ஆகிவிட்டது. டைல்ஸ் பதிக்கும் வேலை முடிந்து வந்தவர் ஒருநாள் கான்வாஸ் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நடந்தார். வலது பாதத்தின் அடியில், கட்டைவிரலுக்குக் கீழே, ஏதோ வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவில் இடைவெளி சமமாக வர வேண்டும் என்று கூட்டல் குறிபோல ஒரு சின்ன பிளாஸ்டிக் வைப்பார்கள் அல்லவா, அது. ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, குத்திக்கொண்டிருந்தது. காலையிலேயே ஷூவுக்குள் விழுந்திருக்க வேண்டும். நாள் முழுக்க அதன் மேலேயே நின்று, மண்டியிட்டு, எழுந்து, படி ஏறி இறங்கியிருக்கிறார். நான் கையை நீட்டிக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்து, பிடுங்கி எடுத்து, "பாரேன், வேலைய வீட்டுக்கே கொண்டாந்துட்டேன்!" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தப் பிளாஸ்டிக்கைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அதன் முனை நல்ல கூர்மை. எனக்கு ஊசி குத்தினால் உயிர் போகிறது. இவருக்கு எப்படித் தெரியாமல் போனது?

அந்த இடம் புண்ணாகிவிட்டது சித்தப்பா. அப்பா அதற்குப் பழுப்பு ட்யூபைப் போடுகிறார், ஏனென்றால் அதுதான் இருப்பதிலேயே அதிகமாகக் குமட்டுவது. மேலே ஒரு துணியை ஒட்டி, அதன் மேல் சாக்ஸ், அதன் மேல் ஷூ, அப்படியே சிமெண்ட் தண்ணீரில் நிற்கிறார். சர்க்கரைக்கு மாத்திரை இருக்கிறது, ஆனால் "இன்னிக்கு நான் இனிப்பே சாப்பிடலியே, எதுக்கு மாத்திரை?" என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார். கட்டுத்துணியைத் துவைப்பது நான்தான். அதன் நிறமும் வாசனையும் மாறியிருக்கிறது. ஷூ நாற்றம் என்று அம்மா ஷூவுக்குள் சோப்புத்தூளைக் கொட்டி வைக்கிறாள். "வலிக்குதாங்க?" என்று அம்மா கேட்டால், "கொஞ்சம்கூட வலிக்கலடி, அதான் ஆறிக்கிட்டு வருதே" என்கிறார். அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது நான் ட்யூப் போடுவதுபோலப் போய் அந்தப் புண்ணின் ஓரத்தைக் கொஞ்சம் அழுத்திப் பார்த்தேன். அவர் டிவிக்காரனைத் திட்டிக்கொண்டே இருந்தார். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

அவர் ஏன் டாக்டரிடம் போகவில்லை என்றால் அதற்கு இரண்டு காரணம் இருக்கிறது. அவருடன் வேலை செய்த பெயிண்டர் ஒருவருக்கு இதேபோல் காலில் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு விரல் இல்லாமல் திரும்பினார். "போகும்போது அஞ்சு, வரும்போது நாலு. அங்க போனாலே எடுத்துடுவானுங்க" என்பார் அப்பா. அந்தப் பெயிண்டரை நலம் விசாரிக்க அம்மாவுடன் போனபோது, அவர் மனைவி சொன்னதை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவர் புண் வந்து எத்தனையோ நாள் வீட்டிலேயே ஏதேதோ பூசிக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில்தான் போனாராம். ஆஸ்பத்திரி விரலை எடுத்தது உண்மை. ஆனால் அதற்கு முன்பே அந்த விரலை வீடு எடுத்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. எனக்குத் தோன்றியதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொரு காரணம் நீங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். அண்ணன் ஒருதடவை, "டாக்டர்கிட்ட காட்டுப்பா" என்றதற்கு அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "என் தம்பி வேளாவேளைக்குச் சாப்பிடாம மிச்சம் பிடிச்சு மருந்து அனுப்பிருக்கான். அத வச்சுக்கிட்டு இன்னொருத்தன்கிட்ட காலக் காட்டுனா, அவன் அனுப்பினது குப்பைன்னு சொல்ற மாதிரி ஆயிடாதா?" இதைச் சொல்லியே அண்ணன் வாயையும் அடைத்துவிட்டார். எங்கள் வீட்டில் உங்கள் பழுப்பு ட்யூபுக்கு இருக்கிற மரியாதை எந்த டாக்டருக்கும் கிடையாது.

சித்தப்பா, நான் பல நாளாக ஒன்றை நினைத்துப் பார்க்கிறேன். வேலை முடிந்து களைத்துப்போய் நீங்கள் அந்தக் கடையில் அலமாரி முன்னால் நிற்கிறீர்கள். அண்ணிக்கு இடுப்பு வலி, அண்ணனுக்குக் குதிகால் வெடிப்பு, பையனுக்கு முகப்பரு என்று ஒவ்வொருவராக எண்ணி ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போடுகிறீர்கள். எங்களுக்கு எங்கெங்கே வலிக்கும் என்று அவ்வளவு தூரத்தில் இருந்து ஒருவர் யோசித்திருக்கிறார் என்பது எனக்கு ட்யூபைத் தொடும்போதெல்லாம் தெரிகிறது. ஆனால் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அந்த எழுத்து உங்களுக்குப் படிக்கத் தெரியுமா? தெரிந்திருந்தால் பல் செட்டுப் பசையை வாங்கியிருக்க மாட்டீர்களே. எங்கள் யாருக்கும் இன்னும் பல் விழவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, நீங்களாகவே நினைவு வந்ததுபோல, "அண்ணா, அந்தப் பழுப்பு ட்யூப் காலுக்குப் போடுறது இல்ல. காலில் புண்ணு கிண்ணு இருந்தா ட்யூபத் தூக்கிப் போட்டுட்டு உடனே போய் டாக்டர்கிட்ட காட்டு. காட்டலைன்னா நான் வருத்தப்படுவேன்" என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் போவார். வேறு யார் சொன்னாலும் போக மாட்டார். நான் சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள், எனக்கு வராது. நான் எழுதினேன் என்பதும் அவருக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் என்னைத் திட்ட மாட்டார், என்னைப் பார்ப்பார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

அங்கே உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஏதாவது வந்தால் நீங்களும் அலமாரி முன்னால் நிற்காமல் டாக்டர் முன்னால் போய் நில்லுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், மிச்சம் பிடிக்க வேண்டாம். பெரியவர்கள் சார்பில் ஆசீர்வாதமும், என் சார்பிலும் அண்ணன் சார்பிலும் வணக்கமும், மாடி வீட்டு மாமா சார்பில் உறுதியான பற்களுடன் கூடிய நன்றியும் இத்துடன் வருகின்றன. காற்றும் வெயிலும் உங்களிடம் அன்பாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அணில்

பின்குறிப்பு:

மேலே கேட்டதை எல்லாம் கேட்காததாக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் எதையும் சொல்ல வேண்டாம். கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை.

நடந்தது இதுதான். உங்கள் அறைத்தோழர் பயணம் ஒரு வாரம் தள்ளிப்போய்விட்டது. கடிதத்தைச் சட்டைக் குவியலுக்கு அடியில் வைத்திருந்தேன். பொத்தான் டப்பாவைத் தேடிய அப்பா அதை எடுத்துவிட்டார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு என் எழுத்து தெரியாது. "என்னது இது, பரீட்சை எழுதி வச்சிருக்க மாதிரி இருக்கு? படி, கேப்போம்" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டிருக்கலாம். வாயைத் திறந்தேன், ஒன்றுமில்லை என்பதுகூட வரவில்லை. கையில் இருந்ததைப் படிப்பது ஒன்றுதான் வழி என்று ஆகிவிட்டது. தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு, அன்புள்ள சித்தப்பாவுக்கு என்று தொடங்கினேன். அம்மா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து நின்றாள். அண்ணனும் வந்துவிட்டான். பல் செட்டு வந்தபோது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அண்ணன், "இத எதுக்குடி எழுதின, என் மானமே போச்சு!" என்று குதித்தான். பிளாஸ்டிக் கூட்டல் குறி வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. புண்ணை அழுத்திய இடத்தில் என் குரல் உடைந்துவிட்டது, இருந்தாலும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி தொடங்க வராது என்று எனக்குத் தெரியும். கடைசி வணக்கம் வரை படித்துவிட்டேன். தாளை இறக்கினால் அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பயந்த அதே பார்வைதான். ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. "இத்தனையும் உள்ள வச்சுக்கிட்டா இவ்வளவு நாள் பொத்தான் தைச்சுக்கிட்டு இருந்த?" என்றார். அப்புறம் அம்மா பக்கம் திரும்பி, "நான் டிவிக்காரனைத் திட்டுனத எல்லாம் தம்பிக்கு எழுதணுமா?" என்று முணுமுணுத்தார். அப்புறம் நெடுநேரம் பாதத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சரி, கிளம்பு. நீயே வா" என்றார்.

ஆஸ்பத்திரியில் புண்ணைக் கழுவிச் சுத்தம் செய்து கட்டியிருக்கிறார்கள். விரல்கள் ஐந்தும் இருக்கின்றன, அப்பா திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்துக்கொள்கிறார். இன்னும் தாமதித்திருந்தால் வேறு பேச்சு பேச வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். காலை ஊன்றக் கூடாது, ஈரம் படக் கூடாது, இனிப்பு சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் மாத்திரை உண்டு, தினமும் பாதத்தின் அடியை யாராவது பார்க்க வேண்டும். அந்த யாராவது நான்தான். எப்படியும் தரையில்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கட்டுவதற்கு முன்னால் டாக்டர் அப்பாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். நரம்பு போன்ற மெல்லிய ஒரு கம்பியைக் கையில் எடுத்து, "நான் பாதத்துல தொடும்போது தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லுங்க" என்றார். அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, பரீட்சையில் பாஸாக வேண்டும் என்பதுபோல உட்கார்ந்தார். "தெரியுது" என்றார். டாக்டர் இன்னும் தொடவே இல்லை. "தெரியுது, தெரியுது, நல்லாத் தெரியுது டாக்டர்" என்றார். டாக்டர் கம்பியைக் காற்றில் பிடித்தபடி அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு உண்மையிலேயே தொட்டார், கம்பி வளையும் வரை. இந்த முறை அப்பா ஒன்றுமே சொல்லவில்லை. அறைக்குள் நர்ஸ் இருந்தார், இன்னொரு நோயாளி இருந்தார், அவர் மனைவி இருந்தார். எனக்குக் காது சுட்டது. "அவருக்குத் தெரியல டாக்டர். தொடாதப்பதான் தெரியுதுன்னு சொன்னாரு" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். டாக்டர் கம்பியை விரலுக்கு விரல் நகர்த்தினார், அப்பாவுக்குப் பதில் நானே சொல்லிக்கொண்டு வந்தேன், இங்கே தொட்டீங்க, அவருக்குத் தெரியல, இங்கேயும் தெரியல என்று.

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. கையை மட்டும் நீட்டி என் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "சரி டாக்டர், இனிமே என் கால் விஷயத்த இவகிட்டயே கேட்டுக்குங்க" என்றார்.